செத்தவள் வரிசையில் நிற்கிறாள்

அத்தியாயம் பதினொன்று

வியாழக்கிழமை விடிந்துவிட்டது. படத்தை இன்றைய படகில் தலைநகர் மாலேவுக்கு அனுப்பியாக வேண்டும்.

பெருநாளுக்குத் திரையிட ஒரு கொட்டகைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஸுபைர் துள்ளிக்கொண்டு வந்து இறங்கியது போன ஞாயிறு. அன்றிலிருந்து நிஹான் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஷாட்டைக்கூடத் தொடவில்லை. தொட வேண்டியவை எல்லாம் ஷிஃப்னா வருகிற ஷாட்டுகள்.

ஷிஃப்னா போய் ஏழு மாதம் ஆகிறது. மழைக்காலத்துக் காய்ச்சல். அவள் நடித்த படம் இருக்கிறது. அதை எடுத்தவர் நிஹானின் அண்ணன் ஸுபைர். கேமரா பிடித்தவனும் வெட்டி ஒட்டுகிறவனும் அவள் புருஷன் நிஹான்.

ஸுபைர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் ரொட்டியும், மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைந்த கிண்ணமும்.

"சாப்பிட்டியாடா?"

"ம்."

"பொய் சொல்லாத. நேத்து வச்ச தட்டு அப்படியே காஞ்சு கிடக்கு. சரி, அந்த ரெண்டு ஷாட்டையும் தூக்கிட்டியா?"

"இல்ல."

"நிஹான், முதல் அலையில அவ செத்துடறா. அப்புறம் படகு வரிசையில நிக்கறா. கடைசியில மணல்திட்டுல உட்கார்ந்திருக்கா. மாலேல பார்க்கறவன் சிரிப்பான்டா."

"தாவூத் அண்ணன் கூடத்தான் ரெண்டு தடவை செத்து மறுபடி வர்றாரு."

"தாவூத் கூட்டத்துல ஒரு தொப்பை. அவளை எல்லாரும் பார்ப்பாங்க."

அது உண்மை. தீவில் நடிக்க வந்தவர்கள் நாற்பது பேர். உலகம் அழிய அந்த நாற்பது போதவில்லை. காலையில் செத்தவர்கள் துணி மாற்றிக்கொண்டு சாயங்காலம் தப்பி ஓடினார்கள். ஷிஃப்னா மூன்று முறை துணி மாற்றினாள்.

"ஊருக்குக் காட்டிட்டு வந்து தூக்கறேன்" என்றான் நிஹான்.

ஸுபைர் ரொட்டியைப் பிய்த்து அவன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

*

ஸுபைர் எடுக்கிற எதுவும் ஊரார் பார்க்காமல் தீவை விட்டுப் போகாது. முகம் தெரிகிற ஒவ்வொருவரும் பார்த்து, "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் முதன்முதலில் எடுத்த கல்யாண வீடியோவில், மணப்பெண்ணின் சித்தி வாயைப் பிளந்து தூங்குவதைக் காட்டிவிட்டார். அந்த வீட்டார் இன்றுவரை அவருடைய வீடியோ கடைப்பக்கம் வருவதில்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது.

மண்டபத்தின் சன்னல்களுக்குப் பாய்மரத் துணி கட்டியிருந்தார்கள். காலை வெயில் ஓட்டைகளில் புகுந்து திரையில் புள்ளி வைத்தது. ஊரே வந்திருந்தது. ஷிஃப்னாவின் உம்மா ஷீரீன் மாமி கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள்.

'கரையில்லா நாள்' ஓட ஆரம்பித்தது. உலகத்துக் கடல்கள் எல்லாம் எழுகின்றன. மிஞ்சியது ஒரு தீவு, ஒரு படகு.

தொடக்கத்திலேயே வானொலியில் பிரதமர் பேசினார். குரல் தாவூதுடையது. அடுத்த காட்சியில் மீன் விற்கிறவராகவும் தாவூதே வந்தார்.

"பிரதமரே, சூரை மீன் எவ்வளவு?" என்று தேநீர்க்கடை ரஸீனா கத்தினாள்.

"உனக்குக் கடன் கிடையாது, போ!" என்றார் தாவூத், மண்டபத்தின் நடுவிலிருந்து.

பிறகு பெரிய அலை. ஒட்டுப்பலகையில் செய்த தீவை மீன் கழுவும் தொட்டியில் வைத்து, ஸுபைர் ஏணிமேல் நின்று வாளி வாளியாக ஊற்றியது. திரையில் அது மீன் கழுவும் தொட்டியாகவே தெரிந்தது. ஒரு மூலையில் செதில் மின்னியது.

"ஏய், அது என் தொட்டி!"

"உலகத்தை அழிச்ச தொட்டியைக் கழுவியாவது குடுத்தானா?"

மக்கள் கதறி ஓடும்போது வானத்தில் சுற்றுலா விடுதியின் கடல் விமானம் நிதானமாகப் போனது. அன்று அதை யாரும் கவனிக்கவில்லை.

"உலகம் அழிஞ்சாலும் வெள்ளைக்காரன் குளிக்க வந்துடறான் பாரு" என்றாள் ரஸீனா. மண்டபம் குலுங்கியது. ஸுபைர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு சமையலறை. யாரும் இல்லை. அடுப்பில் தேநீர் கொதிக்கிறது. கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைகிறது. சத்தமே இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளில் ஒன்று மெல்ல எழுந்து, திரும்பி, அறைக்குள் மிதந்து வருகிறது. பின்னாலேயே இன்னொன்று.

அவ்வளவுதான் ஷாட். செலவு ஒன்றுமில்லை. நிஹான் சொந்த வீட்டில் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு எடுத்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊருக்குள் ஒருமுறை கடல் வந்திருக்கிறது. அன்று எந்த அலையும் மலைபோல எழவில்லை. தண்ணீர் இப்படித்தான் வந்தது, விருந்தாளி மாதிரி, வாசல் வழியாக. முன்வரிசையில் யாரோ கால்களைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டார்கள்.

அந்த அமைதியில்தான் ஷிஃப்னா வந்தாள்.

பச்சை முக்காடு. கரையில் மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்தபடி. நுரை காதுவரை வந்து திரும்புகிறது. அடுத்தது முகத்தை மூடுகிறது. தண்ணீர் வடிந்த பிறகும் அந்தக் கண்கள் இமைக்கவில்லை. வாயோரம் மணல். ஷாட் நீள்கிறது. இன்னொரு அலை வந்து மூடுகிறது.

இசை இல்லை. நிஹான் வைக்கவில்லை. கொட்டகைக்காரர் இந்த ஒரு ஷாட்டைப் பார்த்துத்தான் படத்தை எடுத்துக்கொண்டார்.

நிஹான் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தான்.

படம் நகர்ந்தது. படகுத்துறையில் கூட்டம். பழுப்பு முக்காடு, கையில் தேநீர்க் குடுவை, ஷிஃப்னா வரிசையில் நிற்கிறாள். முன்னால் நிற்பவளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பை அடக்குகிறாள்.

"ஏய், செத்தவ வரிசையில..." என்று ஆரம்பித்தார் தாவூத். பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் மணல்திட்டில் தப்பியவர்கள். எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். ஒருத்தி மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். கூட்டத்தில் நிற்பவர்கள் செய்யவே கூடாத தப்பு. ஸுபைர் அன்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். "கேமராவைப் பார்க்காதன்னு எத்தனை தடவை சொல்றது?" அவளுடைய பதிலும் நிஹானுக்கு நினைவிருந்தது. "நான் கேமராவைப் பார்க்கல மச்சான். பின்னாடி இருக்கறவரைப் பார்க்கறேன்."

விளக்குப் போட்டார்கள். ஸுபைர் முன்னால் போய் நின்றார்.

"என்ன, சரியா?"

"சரி" என்றார் தாவூத். "தொப்பையைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டியிருக்கலாம்."

"சரி." "சரி." "தொட்டியைக் குடு, சரி." வரிசை வரிசையாகக் குரல்கள் வந்தன. வந்து ஓர் இடத்தில் நின்றன. அங்கே நாற்காலி எதுவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

"ஷிஃப்னா முகத்துக்கு யார் சொல்றது?" என்றாள் ரஸீனா.

ஸுபைர் தம்பியைப் பார்த்தார். நிஹான் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நான் சொல்றேன்" என்றாள் ஷீரீன் மாமி, கதவோரத்திலிருந்து. "நான் பெத்த முகம். சரியில்ல."

"மாமி, எதுன்னு சொன்னீங்கன்னா..."

"செத்துக் கிடக்கறாளே, அதை எடுத்துடு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

"அதை எடுத்தா படமே இல்லடா" என்றார் ஸுபைர். நிஹானின் அறை வாசலில் நின்றே பேசினார். "மத்தது எல்லாம் தொட்டித் தண்ணி. உனக்கே தெரியும். அவ ஒருத்திதான் நிஜமாச் செத்த மாதிரி..."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"போய்ப் பேசு, நிஹான். நீ சொன்னா கேப்பாங்க. அஸர் தொழுகை முடிஞ்சதும் படகு. எங்கிட்ட ஹார்ட் டிஸ்க் தயாரா இருக்கு. நீ மாத்தித் தரலேன்னா இப்ப இருக்கறதே போகும். வரிசையில நிக்கற செத்தவளோட."

நிஹான் போகவில்லை. ஷீரீன் மாமிதான் வந்தாள்.

அவள் கட்டிலைப் பார்க்கவில்லை. அலமாரியையும் பார்க்கவில்லை. நேராகக் கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு."

"கேளுங்க மாமி."

"அங்க, மாலேல, அவ இப்படித்தான் இருந்தாளா?"

நிஹானின் கை விசைப்பலகைமேல் அசையாமல் கிடந்தது.

ஷிஃப்னா மாலே ஆஸ்பத்திரியில் இறந்த அன்று கடல் கொந்தளித்தது. படகு எதுவும் புறப்படவில்லை. இறந்தவர்களை வைத்துக் காத்திருப்பது இல்லை, அன்றே அடக்கம். ஷீரீன் மாமி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு ஊரார் சொன்னார்கள். மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. இன்று காலைதான் பார்த்தாள். ஊரோடு சேர்ந்து, கடைசி வரிசையில்.

"இல்ல மாமி. அது வேற."

"வேறன்னா?"

அவன் யோசித்தான். சொல்ல எத்தனையோ இருந்தது. வந்தது ஒன்றுதான்.

"இதுல எழுந்துட்டா."

மாமி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுந்தாளா?"

"எழுந்தா. நான் கட் சொல்ல மறந்துட்டேன். கேமரா ஓடிக்கிட்டே இருந்தது."

"காட்டு."

வெட்டிப் போட்ட துண்டுகள் இருக்கிற இடத்துக்குப் போனான். ஏழு மாதமாக அதைத் திறக்கவில்லை. திறந்தான்.

இரண்டாவது அலை முகத்தை மூடித் திரும்புகிறது. கண்கள் அசையாமல் வானத்தைப் பார்க்கின்றன. மூன்றாவது அலை வருகிறது. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்து காற்றில் துழாவுகிறது. ஷிஃப்னா எழுந்து உட்கார்ந்து இருமுகிறாள். முக்காடு கன்னத்தில் ஒட்டிக் கிடக்கிறது. வாயிலிருந்து ஏதோ பாசியை எடுத்து வீசுகிறாள்.

"பாவி மனுஷா! கட் சொல்ல மாட்டியா? மூக்கெல்லாம் உப்பு! நிஜமாவே கொன்னுடுவ போலிருக்கு!"

திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். படம் சாய்கிறது. மணலும் நிஹானின் பாதமும் தெரிகின்றன. அவள் குரல் மட்டும் தொடர்கிறது. "ரொட்டி மிச்சம் இருக்கா? பசி உயிர் போகுது."

திரை கறுத்தது.

"மறுபடி" என்றாள் மாமி.

அவன் மறுபடி போட்டான். மாமி "பாசியை முழுங்கியிருப்பா, அவசரக்காரி" என்றாள். சொல்லிவிட்டு முந்தியை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நிஹான் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை அவனுக்கும் வரும் என்று நினைத்தான். வரவில்லை.

ஆனால் கை அசைந்தது. துண்டை இழுத்துவந்து, செத்த ஷாட்டின் முடிவில் ஒட்டினான். மூன்றாவது அலை. மேலே எழும் கை. அவள் உட்கார்ந்து இருமுகிறாள். திட்டுவதற்கு முன் வெட்டினான். மூச்சு மட்டும் மிஞ்சியது. அடுத்து படகு வரிசை.

ஓட்டிப் பார்த்தான். பச்சை முக்காட்டுக்காரி சாகவில்லை. எழுந்து வந்து வரிசையில் நிற்கிறாள்.

"என்னடா பண்ற?"

ஸுபைர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து முழுவதும் பார்த்தார்.

"பொழைச்சுட்டான்னு வச்சா, அப்புறம் வர்றது தப்பே இல்லண்ணே" என்றான் நிஹான்.

"துணி மாறியிருக்கே?"

"பொழைச்சவ ஈரத் துணியை மாத்திக்க மாட்டாளா?" என்றாள் மாமி.

ஸுபைர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அழகாத்தான் இருக்கு. நான் அரக்கன் இல்ல. எனக்கும் அவ எழுந்தா..." கையால் திரையைக் காட்டினார். "ஆனா படத்துல அவ ஒருத்திதான் சாகறா. மத்தவங்க எல்லாம் சும்மா விழறாங்க. ஒருத்தர்கூடச் சாகலேன்னா கடல் எதுக்குப் பொங்கணும்? கொட்டகைக்காரன் கேப்பான். பார்க்கறவனும் கேப்பான். யாராவது சாகணும்டா."

"சரி" என்றாள் ஷீரீன் மாமி. "நான் சாகறேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"விளையாடாதீங்க மாமி."

"நாப்பது பேரை ஆளுக்கு மூணு தடவை கொன்னிருக்க. என்னை ஒரு தடவை கொல்லேன். என் முகம் உன் படத்துல எங்கயாவது வருதா?"

வரவில்லை. ஸுபைர் எத்தனை கெஞ்சியும் நடிக்க வராதவள் அவள் ஒருத்திதான். ஊருக்குள் தண்ணீர் வந்த அந்த ஆண்டிலிருந்து அவள் கணுக்கால் நனையக்கூடக் கடலில் இறங்கியதில்லை. படகேறும்போதும் யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.

"மாமி, கடல்ல படுக்கணும்" என்றான் நிஹான்.

"பார்த்தேனே."

"முகத்துமேல தண்ணி வரும்."

"அதையும் பார்த்தேன். கேமராவை எடு. வெயில் இறங்கறதுக்குள்ள வேணும்னா இப்பவே கிளம்பணும்."

*

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் படகுத்துறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மாலே படகில் தேங்காய் மூட்டை ஏற்றும் சத்தம் இங்கே வரை கேட்டது. ஸுபைர் ஹார்ட் டிஸ்க்கைச் சட்டைப்பையில் வைத்து ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். அதில் இருந்தது பழைய படம். புதிய ஷாட் கிடைத்தால் மாற்றலாம். படகு நின்றால் மாற்றலாம்.

"படகுக்காரர்கிட்ட கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கேன். ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு. ஒரே தடவைதான் மாமி. முடியலேன்னா கையைத் தூக்குங்க."

ஷீரீன் மாமி நீர் விளிம்பில் நின்றாள். முதல் அலை காலைத் தொட்டதும் உடம்பு முழுக்க நடுங்கியது. பின்வாங்கவில்லை. உட்கார்ந்தாள். பிறகு, உடம்பு சரியில்லாதவரைப் படுக்க வைப்பதுபோலத் தன்னைத்தானே மெல்லச் சாய்த்துக்கொண்டாள்.

"கண்ணைத் திறந்து வைக்கணுமா?"

"ஆமா மாமி."

"எரியுமா?"

"எரியும்."

"அவ சொல்லவே இல்ல."

நிஹான் கேமராவைத் தாங்கியில் பொருத்தி, குனிந்து கண்ணை வைத்தான். அதே கரை. முகம் வேறு. நெற்றி மட்டும் அதே நெற்றி. இதுவரை அவன் கவனித்ததில்லை.

அலை வந்தது. காதுவரை வந்து திரும்பியது. அடுத்தது முகத்தை மூடியது. வடிந்தபோது கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாயோரம் மணல்.

நன்றாக இருந்தது. முதல் ஷாட்டைவிட நன்றாக இருந்தது. அது அவனுக்குத் தெரிந்த அதே நொடியில் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான்.

"கட்" என்றான். சத்தமாகவே சொன்னான்.

மாமி எழவில்லை.

"மாமி! போதும்! எடுத்தாச்சு!" என்று ஸுபைர் கத்தினார்.

இன்னொரு அலை அவளை மூடியது. கையும் தூக்கவில்லை. நிஹான் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு அவள் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான்.

மாமி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. வானத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"கட் சொன்னது கேட்டுச்சு."

"அப்ப எழுந்திருங்க மாமி."

"இரு மகனே. அன்னிக்கு எங்கிட்ட அவ வரலியே. நான் இங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்."

அவள் தலை அவன் கையில் கனத்தது. ஈரமான, வெதுவெதுப்பான கனம். அவன் மெல்லத் தண்ணீரில் உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அடுத்த அலை இருவரையும் நனைத்தது. கண்ணில் உப்பு எரிந்தது. கடலா, வேறெதுவா என்று பிரித்துப் பார்க்க அவன் முயலவில்லை.

கரையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

படகுத்துறையில் சங்கு ஊதியது. கயிற்றை அவிழ்க்கிறார்கள். ஸுபைர் சட்டைப்பையைப் பொத்தியபடி நின்றார். ஒரு பக்கம் படகு. ஒரு பக்கம் தண்ணீரில் இரண்டு பேர்.

இரண்டாம் முறை சங்கு ஊதியபோது மணலில் காலடிச் சத்தம் கேட்டது. ஓடுகிற சத்தம். அது எந்தப் பக்கம் போகிறது என்று நிஹான் திரும்பிப் பார்க்கவில்லை.